வாலிபர் பேச ஓர் அரங்கு: 1924 ஆம் ஆண்டின் மகாநாடு எமக்கு உணர்த்துவது

ஊர்க்கோயில் திருவிழா வந்தால் தேர் வடம் பிடிக்க வாலிபரை அழைக்கின்றோம். பந்தற்கால் நடவும், தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும், அன்னதானத்திற்கு அரிசி மூட்டை சுமக்கவும் அவர்களையே தேடுகின்றோம். அவர்களும் முகம் கோணாது வருகின்றனர். ஆனால் ஊரின் நாளைய நிலையைப் பற்றிப் பெரியோர் கூடி ஆராயும் வேளையில் அதே வாலிபர் வாசற்படிக்கு வெளியே நிற்கின்றனர். "சிறுபிள்ளை வேளாண்மை வீடு வந்து சேராது" என்னும் பழமொழி அவர்களை அங்கேயே நிறுத்திவிடுகின்றது. நாளை என்பது எவருடைய வாழ்நாளில் வரப்போகின்றதோ, அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

இக்கேள்வி புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து மாணவர் சிலர் இதே கேள்வியைக் கேட்டனர். கேட்டதோடு நில்லாது ஓர் அரங்கையும் அமைத்தனர். அவர்கள் சாதித்தவையும் உண்டு, சறுக்கியவையும் உண்டு. எமது சங்கத்தின் ஆண்டு மலரில் அவ்வரலாற்றை எடுத்துரைப்பது, இளையோருக்கும் பெரியோருக்கும் ஒருங்கே பயன்படும் என்று நம்புகின்றோம்.

சங்கங்கள் தோன்றிய வழி

வாலிபர் சங்கம் என்னும் அமைப்பு எமது நாட்டிற்கு வந்த வழியை முதலில் நோக்குவோம். 1844 ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடைச் சிப்பந்தி, தன் தோழர் சிலரோடு சேர்ந்து கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22. பட்டணத்தில் வேலை தேடி வந்து தனித்துக் கிடந்த இளைஞர் ஒன்றுகூடிப் பேசவும் வழிபடவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவரது எண்ணம். அது உலகெங்கும் பரவியது. 1898 இல் கொழும்பில் பௌத்த வாலிபர் சங்கம் அதே முறையில் எழுந்தது. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சொற்பொழிவாற்றிச் சென்ற பின்னர், 1902 இல் கொழும்பு விவேகானந்த சபை உருவாயிற்று. இந்து வாலிபர் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தது இவ்வலையிலேதான்.

மிஷன் பள்ளிக்கூடங்களிற் படித்த எம்போன்றோர் இங்கு ஓர் உண்மையை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் ஒருவரைத் தெரிந்து, பொருள் ஒன்றை வைத்து, முறைப்படி வாதாடி, முடிவை ஏட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை எம்மவர் பலர் கற்றது அப்பள்ளிகளிலேயாம். ஆறுமுகநாவலர் பெருமானே இதற்குச் சிறந்த சான்று. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பார்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய அவர், பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கூர்ந்து நோக்கினார். 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம் செய்தபோது அவருக்கு வயது 25. இன்று "பெரியார்" என்று நாம் கைகூப்பும் நாவலர் அன்று ஒரு வாலிபரே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? எமது தீபகற்பத்தின் தலையூராகிய கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் தொகுத்துரைக்கும் ஆங்கில நூலை 1834 இல் வெளியிட்டார். அப்போது அவரது வயது ஏறத்தாழ 27. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்த "தமிழ் புளூட்டாக்" 1859 இல் வந்தது. இக்கரையோரத்து மணலிலும் அறிவு முளைக்கும் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

மாணவர் காங்கிரஸ் பிறந்தது

இனி யாழ்ப்பாணத்து வரலாற்றிற்கு வருவோம். 1924 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்னும் மகாநாடு கூடியது. பின்னாளில் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிற்று. அதற்கு உயிர்நாடியாக விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம். 1899 இல் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். காந்தியடிகளின் எழுத்துக்களில் ஆழ்ந்து, கதர் வேட்டி உடுத்து, எளிமையாக வாழ்ந்தவர். பின்னாளில் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவரும் இவரே. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை ஓர் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. அவரும் அக்கல்லூரியைத் தன் வீடாக ஏற்றார். வாலிப வயதில் ஒரே மேடையில் அமர்ந்து பழகியவர்களுக்கே இத்தகைய பெருமனம் வாய்க்கும் என்பது எமது துணிபு.

ஒறேற்றர் சுப்பிரமணியம், நேசையா, பின்னாளில் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக விளங்கிய குலேந்திரன் முதலியோரும் இவ்வியக்கத்தில் நின்றனர். சைவரும் கிறிஸ்தவரும் வேறுபாடின்றி அமர்ந்தனர். ஆண்டுதோறும் மகாநாடு கூடும். தென்னிலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அறிஞரை அழைத்துத் தலைமை தாங்கச் செய்வர். ஆனந்தாக் கல்லூரி அதிபராயிருந்த பி. டி. எஸ். குலரத்தின அவர்களும் ஒரு மகாநாட்டிற்குத் தலைமை வகித்தார். பௌத்தக் கல்லூரியின் அதிபர் ஒருவரைத் தமிழ் மாணவர் தம் மேடையின் தலைமையாசனத்தில் அமர்த்திய அந்தக் காட்சியை, பிற்காலத்தில் இந்நாட்டில் நடந்தவற்றை அறிந்த நாம் இன்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கனக்கின்றது.

அம்மாணவர் எதைப் பேசினர்? தீண்டாமையை ஒழிப்பது, தாய்மொழியில் கல்வி கற்பது, தேசிய கலைகளையும் இலக்கியத்தையும் வளர்ப்பது, அந்நிய மோகத்தை விடுவது, நாட்டிற்குப் பூரண சுயராஜ்யம் பெறுவது ஆகியவற்றைப் பேசினர். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்தையும் சிங்களப் பிள்ளைகள் தமிழையும் கற்க வேண்டும் என்றும் வற்புறுத்தினர். 1956 இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் நிறைவேறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னரே, இரு மொழியும் இரு சாராரும் கற்க வேண்டும் என்று சொன்னவர்கள் மீசை அரும்பிய மாணவர்கள்! தமிழும் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்படுவதற்கு 1987 வரை நாடு காத்திருக்க நேர்ந்தது. இடையில் சிந்திய இரத்தத்தை எவரால் அளக்க முடியும்?

தீண்டாமை பற்றி அவர்கள் மேடையிற் பேசியது வெறும் பேச்சாகப் போகவில்லை. பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமான ஆசனத்தில் அமர வேண்டும் என்ற விதி 1930 ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பெரியோர் பலர் வாய்மூடி இருந்த அக்காலத்தில் வாலிபர் காங்கிரஸார் சமாசனத்தின் பக்கம் நின்றனர். தம் வீட்டுப் பெரியோரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டு நிற்பது எளிய காரியமன்று.

காந்தியடிகளின் வருகை

இம்மாணவர் இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1927 நவம்பர் இறுதியில் மகாத்மா காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாணக் கல்லூரி, இந்துக் கல்லூரி, உடுவில் மகளிர் பாடசாலை, இராமநாதன் மகளிர் கல்லூரி எனப் பல கல்விக்கூடங்களிற் பேசினார். சைவப் பிள்ளைகளோடும் கிறிஸ்தவப் பிள்ளைகளோடும் ஒரே அன்போடு உரையாடினார். கதர் நிதிக்கு உதவுமாறு வேண்டினார். அதே இலங்கைப் பயணத்தில் எமது மாவட்டத்துச் சிலாபத்திற்கும் அவர் வந்தார் என்பது எம்மவரில் பலர் அறியாத செய்தி.

உலகம் போற்றிய ஒருவரை அழைத்து வந்தவர்கள் சட்டநிரூபண சபை அங்கத்தவர்களோ, பெருஞ் செல்வர்களோ அல்லர். ஓர் ஆசிரியரும் சில மாணவரும் கடிதம் எழுதினர்; வரவேற்புச் சபை அமைத்தனர்; பணம் திரட்டினர்; கணக்கு வைத்தனர். இளைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் எவ்வளவு சுமப்பர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1931 ஆம் ஆண்டின் பகிஷ்காரம்

வரலாறு எழுதுவோர் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறு ஆகாது. ஆதலால் வாலிபர் காங்கிரஸின் சறுக்கலையும் சொல்லியாக வேண்டும்.

டொனமூர் ஆணைக்குழு 1927 இல் இலங்கைக்கு வந்தது. அதன் அறிக்கை 1928 இல் வெளியாயிற்று. அதன் பயனாக 21 வயதிற்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் வேறெங்கும் அன்று இல்லாத உரிமை அது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற மூத்த தலைவர்கள் சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தனர். வாலிபர் காங்கிரஸார் டொனமூர் அமைப்பை ஏற்காமைக்குக் காரணம் வேறு. அது பூரண சுயராஜ்யத்தைத் தரவில்லை என்பதே அவர்கள் குறை. 1931 ஏப்பிரலில் கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையாரின் தலைமையில் யாழ்ப்பாணத்தில் கூடிய மகாநாடு, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி தீர்மானித்தது.

இளைஞரின் செல்வாக்கு எத்தகையது என்பதை மே 4 ஆம் நாள் நாடே கண்டது. அன்று நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை! தெரிவு செய்யப்பட வேண்டிய 50 ஆசனங்களில் நான்கு வெறுமையாய்க் கிடந்தன. தென்னிலங்கையில் சிலர் இதைப் பாராட்டினர். ஆயினும் பகிஷ்காரத்தில் எவரும் கூட வரவில்லை. தென்னிலங்கைத் தொகுதிகளில் தேர்தல் வழக்கம்போல் நடந்தது. புதிய சபையில் அமைச்சுக்களும் குழுக்களும் பிரிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் குரல் அங்கு ஒலிக்கவில்லை. 1934 இல் இடைத்தேர்தல் நடந்த பின்னரே அந்நான்கு ஆசனங்களும் நிரம்பின. அப்போது அவற்றில் அமர்ந்தோர் வாலிபர் காங்கிரஸின் வழியில் வந்தவரல்லர். அதன்பின் அவ்வியக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்து, அப்பத்தாண்டின் இறுதியில் ஒடுங்கிவிட்டது. ஹண்டி பேரின்பநாயகம் 1947 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். தம் வாழ்நாளைக் கல்விப் பணியிற் கழித்து 1977 இல் மறைந்தார்.

இச்சறுக்கலுக்குக் காரணம் என்ன? பகிஷ்காரம் சரியா தவறா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். எமக்குத் தோன்றுவது இது: ஏழு ஆண்டுகளாக எல்லாவற்றையும் பேசும் அரங்காக இருந்த ஒரு மகாநாடு, ஒரே தீர்மானத்தின்மீது தன் முழு உயிரையும் வைத்துவிட்டது. அத்தீர்மானம் பலிக்காதபோது அரங்கும் அதனோடு சாய்ந்தது. தன்னோடு உடன்பட்டுக் கூடவரும் துணைவர் எத்தனை பேர் என்பதையும் அது முன்கூட்டி எண்ணவில்லை. மேலும், படித்த ஆடவரின் சபையாகவே அது பெரும்பாலும் இருந்தது. தலைமை தாங்க ஒரு பெண்மணி இந்தியாவிலிருந்து வந்தார். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் எத்தனை பேர் எழுந்து பேசினர் என்று கேட்டால் பெருமைப்பட இடமில்லை.

அரங்கு இல்லாத காலம்

ஆயினும் அரங்கு அமைத்துச் சறுக்கியதைவிட, அரங்கே இல்லாதொழிந்ததன் பயன் பன்மடங்கு கொடியது. 1971 ஏப்பிரலில் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் ஆயுதம் ஏந்தினர். 1980 களின் இறுதியில் மீண்டும் ஏந்தினர். பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைக் கண்டு மனம் கொதித்த தமிழ் இளைஞரும் 1970 களில் அப்பாதையிற் சென்றனர். 1983 இல் மூண்ட போர் 2009 வரை நீடித்தது. இரு மொழி பேசிய இளைஞரும் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: எம்மைக் கேட்பார் இல்லை, எமக்கு நீதி இல்லை.

அந்த அழிவுகளுக்கு நடுவே 1989 இல் இளைஞர் பிரச்சினை பற்றி ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1990 இல் வெளிவந்தது. நியமனங்களில் அரசியல் தலையீடும் அநீதியும் மலிந்திருப்பதே இளைஞரின் பெருங்குறை என்று அது கண்டது. அதனையொட்டி உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியல்களில் 40 சதவீதம் இளைஞராக இருத்தல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. 2012 இல் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. 2023 இல் 25 சதவீதமாக மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இதற்கிடையே 2022 ஆம் ஆண்டில் எரிபொருளும் மருந்தும் இன்றி நாடு தத்தளித்தபோது, காலிமுகத்திடலில் இளைஞர் தாமே ஓர் அரங்கை அமைத்துக்கொண்டனர். சபையில் இடம் கிடைக்காதவர் வீதியில் இடம் தேடுவர் என்பதை அதுவும் உணர்த்திற்று.

எமது கரையின் கேள்விகள்

மாம்புரியில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் ஏன் பேசவேண்டும் என்று பெரியோர் சிலர் எண்ணலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு, இடையிலே மணற்றிட்டு. இச்சிறு நிலத்தில் எமது தலைமுறை எதிர்கொள்ளும் கேள்விகள் சிறியன அல்ல.

முதலாவது தண்ணீர். மணலுக்கடியில் தேங்கி நிற்கும் நன்னீரே எமக்கு ஆதாரம். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்க நாம் இடும் உரம் மணலில் நில்லாது கீழே இறங்குகின்றது. கற்பிட்டித் தீபகற்பத்தின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டு சொல்லியிருக்கின்றனர். இன்று விளைச்சல் தருவது நாளை குடிநீரைக் கெடுக்குமாயின் என்ன செய்வது? இதைத் தோட்டக்காரத் தந்தையும் விஞ்ஞானம் படித்த மகனும் மகளும் ஒரே பாயில் அமர்ந்து பேசவேண்டும்.

இரண்டாவது தொழில். நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கிய அனல் மின்நிலையம் இன்று 900 மெகாவாற் வலுவுடையது. எமது ஊர்க்கரையிலேயே காற்றாலைகள் சுழல்கின்றன. நாட்டிற்கெல்லாம் வெளிச்சம் இக்கரையிலிருந்து போகின்றது. அத்தொழிற்கூடங்களில் வேலை பெறுதற்குரிய தொழிற்பயிற்சி எமது பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்? கடல்மேற் செல்வோர் வலைக்குக் குறைந்துவரும் மீனை என் செய்வது? மத்திய கிழக்கிற்குப் போவது ஒன்றுதான் வழியா?

மூன்றாவது மொழியும் சமயமும். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் ஒருகாலத்தில் தமிழ் பேசிய கிராமங்கள் பல, பள்ளிக்கூட மொழி மாறியதால் இரண்டு மூன்று தலைமுறைகளில் சிங்களம் பேசும் கிராமங்களாயின. எவரும் வாளேந்தி வந்து அவர்கள் நாவை மாற்றவில்லை. தமிழில் படிப்பிக்க ஆசிரியர் இல்லை, தமிழ் படித்தால் வேலை இல்லை என்ற எண்ணம் வந்தது, மொழி போயிற்று. உடப்பும் முன்னேசுவரமும் இன்றும் எமக்குத் தைரியம் தருகின்றன. ஆயினும் வெறும் பெருமை பேசுவதால் மொழி நில்லாது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்க எமது பிள்ளைகள் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கின்றது என்பதை ஆராயவேண்டும். அதோடு அயலவரின் சிங்களத்தையும் நன்கு கற்கவேண்டும் என்று 1920 களின் மாணவர் சொன்னதையும் மறக்கலாகாது. இங்கு இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் எம்மோடு பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழ்கின்றனர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பல்லாயிரவர் இம்மாவட்டத்திற்குத்தான் வந்து சேர்ந்தனர். கிணற்று நீர் எல்லாருக்கும் ஒன்றே.

பெரியோருக்கும் இளையோருக்கும் ஒரு விண்ணப்பம்

எனவே எமது சங்கம் திருவிழாத் தொண்டோடும் குருபூசையோடும் நின்றுவிடாது, ஆண்டில் சில தடவையேனும் வாலிபர் மகாநாடு ஒன்றைக் கூட்டவேண்டும் என்று வேண்டுகின்றோம். அதற்கு 1924 ஆம் ஆண்டினர் வரலாறு தரும் நெறிகள் சில உண்டு.

அரங்கில் இளையோர் முதலிற் பேசவேண்டும். பெரியோர் கேட்டிருந்து பின்னர் பேசவேண்டும். பெரியோர் முதலிற் பேசிவிட்டால் மரியாதை காரணமாக இளையோர் வாய் திறவார். பெண்பிள்ளைகள் பந்தியில் பரிமாறுவோராக மட்டும் இராமல், தலைமை வகிப்போராகவும் கணக்கு வைப்போராகவும் அமரவேண்டும். கூட்டம் கலைந்ததும் சொல் காற்றோடு போகாதபடி நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தில் முதலில் அதையே வாசிக்கவேண்டும். அயற் சமயத்து வாலிபரையும் அழைக்கவேண்டும். பேச்சாளர் ஒருவரை வெளியூரிலிருந்து வருவிக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தக் கட்சியிடமும், எந்த ஒரு தீர்மானத்திடமும் அரங்கை அடகுவைத்தலாகாது. ஒரு தீர்மானம் தோற்றாலும் மறு மாதம் பாய் விரித்து மீண்டும் கூடக்கூடிய அரங்கே நிலைக்கும்.

இளையோருக்கும் ஒரு சொல். அரங்கு கிடைத்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவதற்கு அது இடமன்று. கிணற்று நீரைப் பற்றிப் பேசுபவர் அதைச் சோதித்த விபரத்தோடு வரவேண்டும். பாடசாலையைப் பற்றிப் பேசுபவர் ஆசிரியர் வெற்றிடங்களை எண்ணிக்கொண்டு வரவேண்டும். அப்படி வருவோரின் சொல்லைப் பிரதேச சபையும் தள்ளமாட்டாது, தந்தையரும் தள்ளமாட்டார். பெரியோர் பட்டறிவைப் பகைத்துக்கொண்டு எந்த வாலிபர் இயக்கமும் நெடுநாள் நடந்ததில்லை என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

பெரியோரே! எமது சங்கத்தின் மண்டபத்தை எழுப்பியவர்கள் நீங்கள். அதில் விளக்கேற்றுவதற்கு எம்மை அழைத்தீர்கள், மகிழ்ந்து வந்தோம். இனி அவ்விளக்கின் முன் அமர்ந்து பேசவும் எம்மை அழையுங்கள். நாங்கள் சொல்வதில் பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். உங்கள் முன்னிலையில் பேசித் திருந்தும் வாலிபன், உங்களுக்குத் தெரியாத இடத்தில் பேசி வழிதவறும் வாலிபனிலும் மேலானவன் அன்றோ?

அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, அதில் முதல் வாலிபர் மகாநாட்டின் நிகழ்ச்சிக் குறிப்பும் இடம்பெற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் கூட்டுவதாக.